ஒட்டுண்ணி நோய்களும் நானோ நுட்பமும்: பாலக்காடு எல்லைப்புறத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை என்று தமிழ் வழங்கும் ஊராட்சிகள் பல உள்ளன. மாடு பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வருகிறது. பிள்ளைகள் வேலைக்குக் கஞ்சிக்கோட்டுக்கோ கோவைக்கோ போகிறார்கள். நோய் பற்றிய செய்தி பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் வந்து சேர்கிறது. நானோ யூரியா புட்டி உரக்கடைக்கு வந்த நாள் முதல் 'நானோ' என்ற சொல் உழவர்களுக்கும் பழகிவிட்டது. அதனால் மலேரியா, யானைக்கால், மாட்டு உண்ணி, குடற்புழு என்று எதைப் பற்றிப் பேசினாலும், "இதற்கு நானோ மருந்து ஏதும் வந்திருக்கிறதா?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. அத்தகைய கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

ஒட்டுண்ணி நோய் என்றால் எவை? டெங்கு அதில் சேருமா?

சேராது. டெங்குவும் சிக்குன்குனியாவும் வைரஸால் வருபவை. மலேரியா, மணல் ஈயால் பரவும் காலா அசார், யானைக்கால், குடற்புழு, அமீபாச் சீதபேதி, மாடுகளுக்கு உண்ணியால் வரும் தைலேரியா, பபேசியா ஆகியவையே ஒட்டுண்ணி நோய்கள். கொசு கடித்து வருவதெல்லாம் ஒரே இனம் என்று நினைப்பதால்தான் ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குக் கேட்கும் குழப்பம் வருகிறது.

நானோ என்பது எவ்வளவு சிறியது? சிறியதாவதால் என்ன லாபம்?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டருக்குள் அடங்கும் துகளை நானோ துகள் என்பர். மருந்தியலில் அதைவிடச் சற்றுப் பெரியவற்றையும் இவ்வகையில் சேர்ப்பதுண்டு.

லாபம் மூன்று வகை. முதலாவது, கரைதல். முழு வெல்லக் கட்டியைவிடத் தட்டிப் போட்ட வெல்லம் விரைவில் கரைவதுபோல, நீரில் எளிதில் கரையாத மருந்தைப் பொடியாக்கப் பொடியாக்க அதன் மேற்பரப்பு பெருகிக் கரைதல் விரைவுபடுகிறது. ஒட்டுண்ணிகளுக்கு எதிரான மருந்துகளில் பல இப்படி நீரில் கரைய மறுப்பவையே. இரண்டாவது, உடலுக்குள் மருந்து போகும் வழியை மாற்றுதல். மூன்றாவது, பெரிய கட்டியாக இருக்கும்போது இல்லாத நிறம், மின்பண்பு முதலிய குணங்கள் அந்த அளவில் புதிதாகத் தோன்றுவது. தங்கம் அந்த அளவில் மஞ்சளாக இருப்பதில்லை. இந்த மூன்றாவது குணம்தான் நம் ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

காய்ச்சல் என்றால் ஆஷா பணியாளர் விரலில் குத்திப் பார்க்கும் மலேரியாக் கிட்டில் நானோ எங்கே இருக்கிறது?

அந்தச் சிவப்புக் கோடே நானோ துகள்தான். பலரும் அதை ரத்தத்தின் நிறம் என்றோ, ஏதோ சாயம் என்றோ நினைக்கிறார்கள். அது தங்கம்.

கிட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. அதன் ஒரு முனையில், ஏறத்தாழ 20 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள், மலேரியா ஒட்டுண்ணியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசப்பட்டு, உலர்ந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு சிறு துளி ரத்தத்தை விட்டு, உடன் தரப்படும் திரவத்தைக் குறிப்பிட்ட சொட்டுகள் விட்டதும், தங்கத் துகள்கள் இடம்பெயர்ந்து ரத்தத்தோடு பட்டை வழியாக ஊர்ந்து செல்கின்றன. ரத்தத்தில் ஒட்டுண்ணியின் புரதம் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் நடுவே காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்புரதம் அந்த இணையை அங்கேயே தடுத்து நிறுத்தும். இலட்சக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதால் கண்ணுக்குச் சிவப்புக் கோடாகத் தெரியும். புரதம் இல்லையென்றால் துகள்கள் அந்த இடத்தைக் கடந்து போய், அப்பால் உள்ள கட்டுப்பாட்டுக் கோட்டில் மட்டும் சேரும். கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் கிட் கெட்டுப்போனது என்று பொருள். அந்த முடிவை எந்த வகையிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த அளவிலுள்ள தங்கம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் வருவதும் பெரும்பாலும் இதே தங்கக் கோடுதான். நுண்ணோக்கியும் மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆய்வாளரும் இல்லாத மலைச் செட்டில்மெண்டில், கால் மணி நேரத்தில் மலேரியாவா அல்லவா என்று சொல்ல முடிவது இதனால்தான். ஒட்டுண்ணி நோய்க் கட்டுப்பாட்டுக்கு நானோ நுட்பம் இதுவரை செய்துள்ள உதவிகளில், என் கணிப்பில், இதுவே மிகப் பெரியது. ஆனால் 'நானோ' என்ற பெயரில் விளம்பரம் ஆகாததால் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கிட்டில் கோடு வராவிட்டால் மலேரியா இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

முழுமையாக இருக்க முடியாது. ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் கோடு வராமல் போகலாம். ஃபால்சிபேரம் என்ற மலேரியா வகையைக் கண்டுபிடிக்கப் பயன்படும் எச்.ஆர்.பி.2 என்னும் புரதத்தின் மரபணுவே சில ஒட்டுண்ணிகளில் இல்லாமல் போயிருக்கிறது. அவற்றை அந்தப் பட்டை காணாது. மாறாக, சிகிச்சை முடிந்து உடல் தேறிய பின்னும் அதே புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கிக் கோடு காட்டுவதுண்டு. அதைக் கண்டு நோய் மீண்டும் வந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. காய்ச்சல் விடாமல் அடித்தால் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி.

இந்தப் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தங்கத் துகள் வெப்பத்தைத் தாங்கும். அதன் மேல் பூசிய எதிர்ப்புரதம் தாங்காது. தகரக் கூரையின் கீழோ, நிறுத்திவைத்த வண்டியின் டிக்கியிலோ நாள் கணக்கில் கிடந்த கிட்டை நம்ப முடியாது. உறையில் அச்சிட்ட வெப்ப வரம்பையும் காலாவதி நாளையும் பார்த்துவிட்டே பிரிக்க வேண்டும். பிரித்த பின் ஈரக்காற்றில் வைக்காமல் உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

யானைக்கால் நோய்க்கு இரவில்தானே ரத்தம் எடுப்பார்கள்? இப்போது பகலில் எடுக்கிறார்களே?

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் ரத்த ஓட்டத்துக்கு மிகுதியாக வருகின்றன. ஆகவே நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு இரவு ரத்தம் தேவைப்பட்டது. வீடு வீடாகச் சென்று தூங்குபவர்களை எழுப்பிய அந்தக் காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தற்போதைய பட்டைப் பரிசோதனை குஞ்சுகளைத் தேடுவதில்லை. முதிர்ந்த புழு ரத்தத்தில் விடும் பொருளைத் தேடுகிறது. அது பகலிலும் இருக்கும். இப்பட்டையை 10 நிமிடத்தில் படித்துவிட வேண்டும். நேரம் கடந்து பார்த்தால் இல்லாத கோடு தோன்றிக் குழப்பும்.

ஒரு வரம்பு உண்டு. இந்தப் பட்டை உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழுவை மட்டுமே காணும். ஒருகாலத்தில் ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலைப் பகுதியில் பரவலாக இருந்த புரூஜியா மலாயி என்ற வேறொரு புழு இதில் அகப்படாது. அந்தப் புழுவைப் பரப்பிய மான்சோனியா கொசுவின் குஞ்சுகள் குளத்து ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடுபவை; அங்கே செடியைக் களைந்தது நோயைக் குறைக்கப் பெரிதும் உதவியது. நானோவுக்கு அந்த வெற்றியில் பங்கில்லை என்பதையும் சொல்லிவைப்பது நியாயம்.

மருந்து என்ற முறையில் நானோ நுட்பம் ஒட்டுண்ணி நோயை உண்மையாகவே குணப்படுத்தியிருக்கிறதா?

ஒரு நோயில் ஐயத்துக்கு இடமின்றிக் குணப்படுத்தியிருக்கிறது. அது காலா அசார்.

மணல் ஈ கடித்துப் பரவும் இந்நோயில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலோர் இறந்துவிடுவர். இந்தியாவில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இது வேரூன்றியிருந்தது. 1992-இல் மட்டும் 77,000-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நீண்ட காலம் பயன்பட்ட ஆன்டிமணி ஊசி பீகாரில் பலனளிக்காமல் போனபின், ஆம்போடெரிசின் பி என்ற மருந்து கைக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்ட இம்மருந்து ஒட்டுண்ணியின் மேலுறையிலுள்ள எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றி ஓட்டை போடும். தொல்லை என்னவென்றால், நம் உடலின் கொலஸ்டிராலையும் ஓரளவு பற்றும், சிறுநீரகம் கெடும், ஊசி ஏறும்போதே குளிரும் நடுக்கமும் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் என 15 ஊசி. ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனை வாசம். கூலி வேலை செய்யும் குடும்பத்தால் அதைத் தாங்க முடியுமா?

இதே மருந்தை, 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழ்களின் சுவருக்குள் பொதித்து உருவாக்கியதே லைப்போசோம் ஆம்போடெரிசின். இங்கே ஒரு பொருத்தம் அமைந்தது. ரத்தத்தில் அந்நியத் துகள் எதைக் கண்டாலும் விழுங்கிவிடும் அணுக்கள் நம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ளன. காலா அசார் ஒட்டுண்ணி ஒளிந்து வாழ்வதும் அதே அணுக்களுக்குள்தான். குமிழை விழுங்கும் அணு தன்னை அறியாமலேயே மருந்தைத் தன்னுள் இருக்கும் ஒட்டுண்ணியிடம் கொண்டு சேர்க்கிறது; சிறுநீரகத்துக்குப் போகும் அளவு குறைகிறது. பொதுவாக நானோ மருந்துகளைப் பாழாக்குவது, நாம் அனுப்ப நினைக்கும் இடத்துக்குப் போகாமல் கல்லீரலும் மண்ணீரலும் அவற்றைப் பிடித்துக்கொள்வதுதான். இங்கே அந்தக் குறையே வழியாகிவிட்டது.

இந்திய நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற ஒரே ஊசி, பழைய 15 ஊசிகளுக்கு நிகராக, நூற்றுக்கு ஏறத்தாழ 96 பேரை ஆறு மாதக் கணக்கில் குணப்படுத்தியது. 2014-இல் ஒற்றை ஊசி இந்தியத் திட்டத்தின் முதன்மைச் சிகிச்சையாயிற்று. மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக நன்கொடையாக வந்தது. இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே நோய் காணப்படுகிறது. 2023-இல் வங்காளதேசம் இந்நோயை ஒழித்த முதல் நாடாக அங்கீகரிக்கப்பட்டது. ஊசி மட்டுமே இதைச் செய்யவில்லை. சுவரில் மருந்தடித்தலும், மண் வீடுகள் மாறியதும், நோயாளிகளைத் தேடிச் சென்றதும் சேர்ந்தே செய்தன.

அந்த ஊசியை எப்படிப் போடுகிறார்கள்?

குப்பியில் மஞ்சள் நிறப் பொடியாக 50 மில்லிகிராம் இருக்கும். 12 மில்லி ஊசி நீரை விட்டு அரை நிமிடம் நன்றாகக் குலுக்குவார்கள். மஞ்சள் நிறத்தில் மங்கலான திரவமாகும். அதைச் சிறு வடிகட்டி வழியாக ஊசியில் எடுத்து, 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்து, இரண்டு மணி நேர அளவில் ஏற்றுவார்கள். உப்பு நீரில் கலந்தால் குமிழ்கள் கெட்டுப் படிந்துவிடும் என்பதால் சலைன் பாட்டிலைத் தொடக் கூடாது. மருந்தாளுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரே நாளில் 10 குப்பி வேண்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது கோவையிலும் கொச்சியிலும் மருந்துக் கடை கடையாகத் தேடி அலைந்த மருந்தும் இதுவே.

கேரளத்தில் காலா அசார் உண்டா?

பீகாரைப் போன்ற பரவல் இல்லை. ஆனால் தெற்கே அகத்தியமலைக் காடுகளில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில், இதே ஒட்டுண்ணி இனம் தோல் புண்ணாக வெளிப்படுவது பதிவாகியுள்ளது. வழக்கமாக உள்ளுறுப்பைத் தாக்கும் இனம் இங்கே தோலோடு நின்றுவிடுவது ஆய்வாளர்களுக்கே புதிரானது. மலையில் வேலை செய்பவர்களுக்கு வலியில்லாத தடிப்போ புண்ணோ மாதக் கணக்கில் ஆறாமல் இருந்தால், தொழுநோய் என்று தாமே முடிவுகட்டி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கஞ்சிக்கோட்டிலும் செங்கல் சூளைகளிலும் உழைக்க வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் ஒருவருக்கு நீடித்த காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் இருந்தால், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவரை ஒதுக்குவதற்காக அன்று. சரியான பரிசோதனை நடப்பதற்காக.

அதே லைப்போசோம் ஊசியை, குளத்தில் குளிப்பதால் வரும் மூளை அமீபா நோய்க்கும் போடலாமே?

2024-லும் 2025-லும் கேரளச் செய்திகளைப் படித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நெக்லேரியா என்ற அமீபா, குடிநீர் வழியாக அன்றி மூக்கின் வழியாக ஏறி மூளையை அடைகிறது. இதற்கும் ஆம்போடெரிசின் பி முக்கிய மருந்துதான். மில்டிஃபோசின் முதலியவற்றோடு சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் ஆய்வக, எலிச் சோதனைகளில் லைப்போசோம் வடிவம் பழைய வடிவத்தைவிட வலுக் குறைந்ததாகவே தெரிந்ததால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்நோய்க்குப் பழைய வடிவத்தையே பரிந்துரைக்கிறது. முன்பு சொன்னதையும் நினைவில் கொள்ளலாம்: குமிழ் போகும் இடம் கல்லீரலும் மண்ணீரலும்; அமீபா இருக்கும் இடம் மூளை. எந்த நானோ மருந்தைப் பற்றிச் செய்தி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: ஒட்டுண்ணி எங்கே வாழ்கிறது, துகள் அங்கே போகிறதா?

அப்படியானால் மலேரியாவுக்கு ஏன் நானோ மருந்து வரவில்லை?

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் வாழ்கிறது. சிவப்பணு எதையும் விழுங்குவதில்லை. ஆகவே துகளை அதனுள் புகுத்த இயல்பான வழி இல்லை. அதோடு, வாய்வழி மாத்திரையால் மூன்று நாளில் குணமாகும் ஃபால்சிபேரம் மலேரியாவுக்கு விலையுயர்ந்த ஊசியைக் கொண்டுவருவதில் பொருளில்லை.

நம்பிக்கை இருக்கும் இடம் வேறு. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவில் சில ஒட்டுண்ணிகள் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலைத் தரும். அவற்றைக் கொல்ல பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விடாமல் உண்ண வேண்டும். காய்ச்சல் நின்ற நாலாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவது எங்கும் உள்ள வழக்கம். கல்லீரலுக்குப் போவது நானோ துகளின் இயல்பு என்பதால், பிரைமாகுயினைத் துகளில் பொதித்துக் குறைந்த வேளையில் முடிக்க முடியுமா என்று பல ஆய்வகங்கள் முயன்றுவருகின்றன. அடோவாகுவோன் என்ற மலேரியா மருந்தை நானோ துகளாக்கி ஒருமுறை ஊசி போட்டுப் பல வாரம் காப்பளிக்கும் முயற்சி எலிகளில் வெற்றி கண்டது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் நீளமானது. பிரைமாகுயின் உண்பவருக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் உடையும் என்ற ஆபத்தும் துகளாக்குவதால் தானாக நீங்கிவிடாது.

மலேரியாத் தடுப்பூசியில் நானோ இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஆர்.டி.எஸ்.,எஸ் தடுப்பூசியையும், 2023 அக்டோபரில் ஆர்21 தடுப்பூசியையும் பரிந்துரைத்தது. இரண்டாவதை உற்பத்தி செய்வது புனேயிலுள்ள சீரம் நிறுவனம். ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தை, வைரஸைப்போல் உருண்டு திரளும் நுண்துகளின் மேல் நிறுத்திக் காட்டுகிறார்கள்; ஆர்21-இல் துணையாக, சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுத்த சபோனின் கலந்த, சுமார் 40 நானோமீட்டர் துகள்களைச் சேர்க்கிறார்கள். இவை ஆப்பிரிக்கக் குழந்தைகளை ஃபால்சிபேரம் மலேரியாவிலிருந்து காப்பதற்கானவை. இங்குள்ளவர்கள் போட்டுக்கொள்ள வேண்டிய தேவை இப்போது இல்லை.

வேப்பிலையில் வெள்ளி நானோ துகள் செய்து கொசுப்புழுவைக் கொல்வதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. வீட்டிலேயே செய்து கிணற்றில் விடலாமா?

கூடாது.

இது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மிகுதியாக உழைத்த துறை. கோவையிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வெளிவந்த கட்டுரைகள் ஏராளம். செய்முறை எளிது. வேம்பு, துளசி, நொச்சி, ஆடாதொடை என ஏதாவது ஓர் இலையின் கொதிநீர்ச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்தால், சில மணி நேரத்தில் திரவம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும். வெள்ளித் துகள் உருவாகிவிட்டதற்கு அதுவே அடையாளம். இலைச்சாறு வெள்ளியைத் துகளாக்கவும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கவும் பயன்படுகிறது. அதைக் கொசுப்புழு உள்ள கண்ணாடிக் குவளையில் விட்டால் புழு சாகிறது. இவ்வளவும் சரி.

குவளைக்கு வெளியேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் கிணற்று நீரில் உள்ள உப்பும், குளத்து நீரில் உள்ள இலைக் குப்பையும் வெள்ளியைப் படியவைத்து வலுவைக் குறைத்துவிடும். ஒவ்வொரு பருவத்திலும் இலைச்சாறு வேறுபடும் என்பதால் நேற்றுச் செய்த துகளும் இன்று செய்ததும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளி கொசுப்புழுவை மட்டும் தேடிப் போவதில்லை. நீர்த்தெள்ளுகளையும் மீன் குஞ்சுகளையும் தாக்கும். கொசுப்புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரத் துறை விட்ட கப்பி மீனைக் கொன்றுவிட்டு மருந்து ஊற்றுவது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. ஒரு பானைத் தண்ணீரில் நூறு விழுக்காடு புழு செத்தது என்ற அட்டவணையோடு நின்றுவிட்ட கட்டுரைகள், களத்தில் ஒரு பருவம் முழுக்கச் சோதித்தவற்றைவிடப் பல மடங்கு அதிகம். திட்டங்களில் இப்போதும் பயன்படுவது டெமிஃபாஸ் என்ற கொசுப்புழு மருந்து, பி.டி.ஐ. எனப்படும் பாக்டீரியாப் பொடி, மீன், மூடிய தொட்டி ஆகியவையே. சொட்டுநீர்த் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் வலையால் மூடுவதற்கு ஆகும் செலவில் இந்தத் துகளைத் தயாரிக்கக்கூட முடியாது.

பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாட்டுக்கு உண்ணி மிகுதியாக இருக்கிறது. 'நானோ வேப்பெண்ணெய்' பூசலாமா?

வேப்பெண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் கலந்த நானோ குழம்பு, சாதாரண வேப்பெண்ணெய்க் கலவைபோல் பிரிந்து மிதக்காமல் மாட்டின் தோலில் சீராகப் படியும். ஆய்வுகளில் உண்ணியின் முட்டையிடும் திறனைக் குறைப்பதும் தெரிந்துள்ளது. தீங்கு குறைவு என்பதால் துணை முறையாகப் பூசுவதில் தவறில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகிய பூச்சிமருந்துகளுக்கு அசையாத உண்ணிகள் பெருகிவரும் நிலையில் இத்தகைய மாற்றுக்குத் தேவையும் இருக்கிறது.

எனினும் மாட்டின் மேல் இருப்பது உண்ணியின் ஒரு பகுதியே. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, தொழுவத்துச் சுவர் இடுக்கிலும் சாணக் குவியலின் ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இடுக்கைப் பூசி அடைத்து, தரையைத் தீயால் வாட்டி, புதிதாக வாங்கிய மாட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே கட்டினால்தான் பலன் கிடைக்கும். கலப்பினப் பசுவுக்குக் கடும் காய்ச்சல், தோளுக்கு முன்புறக் கழலை வீக்கம், பால் திடீரெனக் குறைதல் ஆகியவை தெரிந்தால் தைலேரியாவாக இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபேசியாவாக இருக்கலாம். எண்ணெய் தடவிக்கொண்டு காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தைலேரியாவுக்குப் போடும் புபார்வாகுவோன் நீரில் கரையாத மருந்து; அதனால் எண்ணெய்ப் பதமாக ஆழத் தசையில் போடுகிறார்கள். அதை நானோ துகளாக்கும் ஆய்வு நடக்கிறது; சந்தைக்கு வந்த மருந்து என்று யாரேனும் விற்றால் ரசீதும் உரிம எண்ணும் கேளுங்கள்.

கோழிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலுக்கும் துத்தநாக, செலினிய நானோ துகள் தீவன ஆய்வுகள் உள்ளன. கூளத்தை ஈரமாகாமல் வைத்திருப்பது அவற்றைவிட நிச்சயமான பாதுகாப்பு.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை நானோவாக மாற்றப் போகிறார்களா?

இல்லை. அந்த மாத்திரையிலுள்ள அல்பெண்டசோல் நீரில் கரையாதது. ஆனால் குடலுக்குள் இருக்கும் புழுவைக் கொல்வதற்கு அது ரத்தத்தில் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. தசையிலோ மூளையிலோ கல்லீரலிலோ கூடுகட்டும் நாடாப்புழுக் கட்டிகளுக்குத்தான் நன்கு கரையும் வடிவம் பயன்படும். ஆய்வும் அதை நோக்கியே நடக்கிறது.

'நானோ சில்வர்' வடிகட்டி அமீபாவையும் ஜியார்டியாவையும் தடுக்குமா?

வெள்ளியை நம்ப வேண்டாம். துளையின் அளவைப் பாருங்கள். வெள்ளித் துகள் பாக்டீரியாவை அடக்கும். நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகளை ஏற்றி 2009-இல் வந்த டாட்டா ஸ்வச் வடிகட்டி, மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு உதவிய நல்ல முயற்சி. ஆனால் சீதபேதி அமீபாவும் ஜியார்டியாவும் நீரில் தடித்த ஓட்டுக்குள் அடங்கிய நிலையில் இருப்பவை. வெள்ளி அந்த ஓட்டை எளிதில் ஊடுருவாது. அவற்றின் அளவோ 8 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்). வயிற்றுப்போக்கைத் தரும் இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான். 0.1 மைக்ரானுக்கும் சிறிய துளையுள்ள அல்ட்ரா வடிகட்டியில் இவை எதுவும் நுழையாது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியமும் கொதிநீரில் சாகும். கேரளத்து வீடுகளில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதிக்கவைத்த நீரைக் குடிக்கும் வழக்கத்துக்கு ஈடாக எந்தப் புதுக் கருவியையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கொதித்த நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினால் பயனில்லை.

பற்பம், செந்தூரம் ஆகியவையே நானோ மருந்துதான் என்கிறார்களே?

சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிகிறது. துகள் சிறியது என்பதால் அது மலேரியாவையோ யானைக்காலையோ குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். உலோகம் சேர்ந்த மருந்தைச் சித்த மருத்துவர் பார்த்துத் தராமல் உண்ணக் கூடாது. 'கூழ்ம வெள்ளி' என்று புட்டியில் விற்பதை நீண்ட நாள் குடித்தால் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும்; அந்நிறம் பிறகு மாறுவதில்லை.

இத்தகைய மருந்துகளுக்கு அரசுக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. பழைய மருந்தையே புதிய வழங்கு முறையில் கொண்டுவந்தாலும், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி அது புதிய மருந்தாகவே கருதப்பட்டு, அனுமதி பெற வேண்டும். அதே ஆண்டில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நானோ மருந்துகளை மதிப்பிடும் நெறிமுறையை வெளியிட்டது. துகளின் அளவு, மேற்பரப்பு மின்னூட்டம், சேமிப்பில் நிலைத்தன்மை, எந்த உறுப்பில் எவ்வளவு நாள் தங்குகிறது என்பவற்றை எல்லாம் காட்ட வேண்டும். பூச்சிக்கொல்லிக்கும் வடிகட்டிக்கும் தனி விதிகள் உள்ளன. 'நானோ' என்ற சொல்லை உறையில் அச்சிடுவது எந்த அனுமதிக்கும் சான்றாகாது.

கருவுற்ற பெண்ணுக்கு லைப்போசோம் ஊசி போடலாமா?

காலா அசார் உறுதியான கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர்கள் முதலில் நாடுவதே அதைத்தான். மாத்திரையாகக் கிடைக்கும் மில்டிஃபோசின் கருவுக்கு ஊனம் விளைவிக்கக் கூடியது; ஆன்டிமணி ஊசியும் ஆபத்தானது. லைப்போசோம் ஊசியையும் மருத்துவமனையில் படுக்கவைத்து, சிறுநீரகச் செயல்பாட்டையும் ரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் பார்த்த பிறகே போட வேண்டும். முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஏற்றி, மூச்சுத் திணறலோ முதுகு வலியோ வருகிறதா என்று செவிலியர் அருகிலிருந்து கவனிப்பார்.